முடக்கிய வரி யாருக்குச் சலுகை?

சொத்து வரியைப் பல ஆண்டுகளுக்கு உயர்த்தாமல் முடக்கினால் வீட்டு உரிமையாளர்களின் சுமை குறையும் என்ற வாதம் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டோம். சென்னையில் 1998க்குப் பிறகு நீண்ட காலம் பொதுச் சீராய்வே இல்லை. 2018இல் உயர்த்திய வரியும் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022இல் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது: பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கே 50 விழுக்காடு உயர்வு, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 விழுக்காடு. இருபதாண்டுக்கும் மேலான தள்ளிப்போடலின் விலை அது.

கலிஃபோர்னியாவைப் பாருங்கள் என்கிறார்கள், பார்ப்போம். 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, மதிப்பீட்டு உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்பு கணக்கில் வரும். அதனால் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு, புதிதாக வாங்கிய குடும்பம் பழைய உரிமையாளரைவிடப் பலமடங்கு கட்டுகிறது. வணிக வளாகங்களுக்கும் அதே பாதுகாப்பு. இதுவா எளியவர்களுக்கான சீர்திருத்தம்? ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பெரிய பங்களாக்களுக்கும் சலுகை கேட்பது நியாயமில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதானோர் தம் குடியிருப்பு வீட்டின் வரியைத் தள்ளிவைத்து, விற்கும்போது வட்டியோடு அடைக்கலாம். அந்த ஏற்பாட்டைத் தமிழக அரசு இங்கும் கொண்டுவர வேண்டும். முடக்கத்தை மட்டும் மறுபடி கேட்காதீர்கள்.