பாட்டு உள்ளே, பாடியவர் வெளியே
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

அமெரிக்காவைப் பொறுத்தவரை நம் சமூக அறிவியல் பாடம் முதல் உலகப் போரை 1918இல் முடித்துவிட்டு, 1929இல் வந்த பொருளாதாரப் பெருமந்தத்துக்குத் தாவிவிடுகிறது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? "ஆடிக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரே சொல்லில் விடை கூறினார் எங்கள் வரலாற்று ஆசிரியை. வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த விடை போதவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன்.

அக்காலத்தை 'ஜாஸ் காலம்' என்கிறார்கள். 1920இல் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் வணிக வானொலி பேசத் தொடங்கியது. இளம்பெண்கள் கூந்தலைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டார்கள்; கார் ஓட்டினார்கள்; இரவு நடன அரங்குகளுக்குச் சென்றார்கள். பெரியவர்கள் பதறினார்கள். 1921இல் புகழ்பெற்ற மகளிர் பத்திரிகை ஒன்று, ஜாஸ் இசையில் பாவம் இருக்கிறதா என்று கேட்டே ஒரு கட்டுரை வெளியிட்டதாம். (நம் வீடுகளில் கைப்பேசியைப் பற்றி நடக்கும் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள், தோழியரே!)

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் குட்டைக் கூந்தலோடு நின்றுவிடுகிறார்கள். அந்த இசை யாருடைய இசை என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அது கறுப்பின மக்களின் இசை. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அடிமைகளாய் வேலை செய்தவர்கள். பருத்தி என்றதும் நம் கரிசல் மண்ணுக்குக் காது நிமிர வேண்டாமா? இன்று கோவில்பட்டியைச் சுற்றி மக்காச்சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் மண்டிக்கிடந்தாலும், எங்கள் ஆச்சியின் கைகள் பருத்தி எடுத்துக் காய்த்த கைகள். வெடித்த காயின் ஓட்டு முனை நகக்கண்ணில் குத்துமாம். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கிருந்து பருத்தி வராமல் இங்கிலாந்து ஆலைகள் தவித்தபோது, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை மளமளவென்று ஏறியது. அந்தப் போரின் முடிவில்தான் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆகவே அவர்கள் கதை நமக்கு முற்றிலும் அந்நியக் கதை அன்று.

அடிமைத்தளை அறுந்தும் அவமதிப்பு அறவில்லை. இனக்கொடுமை ஒருபுறம், பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு மறுபுறம் விரட்ட, இலட்சக்கணக்கானோர் வடக்கே தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இசையும் உடன் சென்றது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1922இல் சிகாகோ சென்றார். 1923இல் பெஸ்ஸி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டு வெளிவந்து அமோகமாக விற்றது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் இரவு விடுதி இருந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'காட்டன் கிளப்'! பழைய பருத்தித் தோட்டத்தைப் போலவே அதை அலங்கரித்திருந்தார்கள். மேடையில் வாசித்தவர்களும் ஆடியவர்களும் கறுப்பினத்தவர். மாபெரும் கலைஞரான டியூக் எலிங்டன் 1927 முதல் அங்கேதான் தம் குழுவை நடத்தினார். ஆனால், பார்க்க வருவோர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்பது விதி. வாசிப்பவரின் உறவினருக்கே வாசலில் இடமில்லை. பாட்டு உள்ளே வரலாம். பாடுகிறவர்களின் இனம் உள்ளே வரக்கூடாது. என்னே நியாயம்!

அமெரிக்கரை ஏசிவிட்டு நிம்மதியாக உறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம் பக்கத்துச் சிவகாசி உறங்க விடவில்லை.

1886இல் சிவகாசியில் பிறந்தவர் விசுவநாததாஸ். முருகன் வேடத்தில் அவர் மேடையேறினால் கூட்டம் அலைமோதும். நாடகத்தின் நடுவே விடுதலைப் பாடல்களைப் பாடுவார். வெள்ளையர் அரசு மீண்டும் மீண்டும் சிறையில் தள்ளியது. வெளியே வந்ததும் மீண்டும் பாடுவார். அத்தகைய மனிதருடன் ஜோடியாக நடிக்கச் சில நடிகையர் மறுத்தனர். காரணம், அவர் முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர். கைதட்டிய கைகளும் 'அவரோடு நிற்கமாட்டேன்' என்ற வாயும் ஒரே ஊரில்தான் இருந்தன. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில், முருகன் வேடத்திலேயே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. நம் பேருந்துகள் அவ்வழியேதான் மதுரைக்குப் போகின்றன. எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்போம்?

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுமியாக இரயிலில் பாடிப் பிழைத்தவர். 1935இல் வெளியான 'நந்தனார்' படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர் என்பார்கள். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட நந்தனாராகவே அவர் நடித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னாளில் சட்ட மேலவைக்குள் உறுப்பினராக நுழைந்தார். வாசல் திறந்ததற்கும் நம்மிடம் சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சாதியும் இனமும் ஒன்றல்ல என்று சிலர் கூறலாம். ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நிற்பவரின் கால்வலி ஒன்றுதான்.

அதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி ஒரு செய்தி சொல்கிறேன். என் தோழி ஒருத்தியின் தந்தை நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். பங்குனி, சித்திரையில் கொடை விழாக்களுக்கு ஊர் ஊராகப் போவார். ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை, விண்ணப்பத்தில் 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்றே அவள் எழுதுகிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடச் சம்மதமில்லை. ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன். கொடைக்குப் போன ஊரில் விடிய விடிய ஆடச் சொல்லிவிட்டு, காலையில் கரகம் ஆடிய அக்காவுக்குச் சேலை மாற்ற ஒரு வீட்டிலும் இடம் கொடுக்கவில்லையாம். பேருந்து நிறுத்தத்தின் பின்னால் நின்று மாற்றிக்கொண்டாராம். "இதை எந்தக் கட்டத்துல எழுத?" என்றாள்.

சென்ற ஆண்டு விழாவில் நாம் கரகாட்டம் ஆடினோம். பிளாஸ்டிக் குடம், காகிதப் பூ, ஒலிபெருக்கியில் பதிவு செய்த மேளம். பலத்த கைதட்டல் கிடைத்தது. ஒத்திகையில் நம் கால்கள் தாளம் தப்பியபோது, மூலையில் அமர்ந்திருந்த அவள்தான் தொடையில் தட்டி எண்ணிக் கொடுத்தாள். எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் பதிவு செய்த ஒலி வேண்டாம். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை என்று ஒரு குழுவை மேடைக்கே அழைப்போம். வேடம் மாற்ற ஒரு வகுப்பறை ஒதுக்குவோம். சிறப்பு விருந்தினருக்குப் போகும் அதே தேநீர் அவர்களுக்கும் போகட்டும். அழைப்பிதழில் 'மேளக் குழுவினர்' என்று பொத்தாம் பொதுவாக அச்சிடாமல், ஒவ்வொருவர் பெயரையும் முன்னெழுத்தோடு அச்சிடுவோம். செலவு கூடுமெனில், பத்தாம் வகுப்பு மாணவியர் ஆளுக்குப் பத்து ரூபாய் தர ஆயத்தமாக இருக்கிறோம். நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், இருவர்தான் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.