அட்டைப்படத்துக்கு மட்டும்தானா ஓவியன்?

சிறப்பு மலர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? முன்பக்கம் ஒரு படம், உள்ளே வாழ்த்துச் செய்திகள், பக்கத்துக்குப் பக்கம் கடை விளம்பரம், இடம் மிஞ்சினால் ஒரு கவிதை. வியாபாரப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளம்பரம் கேட்டு அவர்கள் கடைப்படி ஏறியவர்களில் நானும் ஒருவன்.

மொராக்கோவின் ரபாத் நகரில் 1966இல் ஒரு பத்திரிகை தொடங்கியது. பெயர் 'சூஃப்ள்'. பிரெஞ்சில் 'மூச்சுகள்' என்று பொருள். நடத்தியவர் அப்துல் லத்தீஃப் லஅபி என்ற இளம் கவிஞர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பித்தவர். முந்தைய ஆண்டு மார்ச் மாதம்தான் காஸாபிளாங்காவில் மாணவர்கள் வீதியில் இறங்க, மன்னர் இரண்டாம் ஹஸனின் படை சுட்டுத் தள்ளியிருந்தது. அந்த ரணம் ஆறுமுன் பிறந்த இதழ் இது. முஸ்தஃபா நிஸாபூரி, முஹம்மது கைருத்தீன் போன்ற கவிஞர்களும், முஹம்மது மலீஹி, ஃபரீத் பல்காஹியா, முஹம்மது ஷப்ஆ போன்ற ஓவியர்களும் அதில் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

ஓவியம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். காஸாபிளாங்கா ஓவியப் பள்ளியில் கற்பித்த இவர்கள், ஐரோப்பாவை அப்படியே நகலெடுக்க மறுத்தவர்கள். கம்பளம், வெள்ளி நகை, கிராமத்துப் பள்ளிவாசல்களின் வண்ணம் தீட்டிய மரக்கூரை ஆகியவற்றிலிருந்து கோட்டையும் வண்ணத்தையும் எடுத்தார்கள். 1969இல் மராகிஷின் ஜாமிஉல் ஃபனா சதுக்கத்தில், சுமை தூக்குபவரும் வியாபாரியும் நடமாடும் வெட்டவெளியில், தங்கள் ஓவியங்களைத் தொங்கவிட்டார்கள்.

அதே 1969இல் வந்தது 15ஆம் இதழ். முழுக்க முழுக்க ஃபலஸ்தீன்! 1967 தோல்வியால் அரபுலகம் தலைகுனிந்திருந்த நேரம். அதில் மொராக்கோ யூதர்களைப் பற்றியும் ஸியோனிஸத்தைப் பற்றியும் எழுதியவர் யார் தெரியுமா? ஆப்ரஹாம் ஸர்ஃபாத்தி என்ற மொராக்கோ யூதர். யூதர் வேறு, ஸியோனிஸம் வேறு என்று நாம் மேடையில் தொண்டை வறளச் சொல்கிறோமே, அதை ஒரு யூதரே எழுதினார். பின்னாளில் தம் அரசியலுக்காக 1974 முதல் 1991 வரை சிறையிலும் கிடந்தார். லஅபி 1972இல் கைதானார். சித்திரவதை, 10 ஆண்டு தண்டனை. 1980இல்தான் வெளியே வந்தார். பத்திரிகைக்கும் 1972இலேயே தடை.

இவர்கள் மார்க்சியர்கள். அந்தக் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. அதை மறைத்து எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

என்னை உறுத்துவது வேறு. அந்த 15ஆம் இதழோடு மலீஹி வரைந்த பழைய அட்டை போயிற்று. நாளடைவில் கவிஞர்கள், ஓவியர்கள் பலர் ஒதுங்கிவிட, அது இயக்க ஏடாக மாறிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால், 'சரிதானே, போராட்ட நேரத்தில் கோலம் எதற்கு?' என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று சொல்ல மாட்டேன். அறிக்கை எழுத நம்மில் நூறு பேர் உண்டு. கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போட்டுக் கொடுத்த வரலாற்றை மதரஸாவில் ஓதிவிட்டு வந்த நாம், நம் ஊர்க் கவிஞனுக்கு ஒதுக்குவது கடைசிப் பக்கத்தின் மூலையைத்தானே? லஅபியும் சிறைக்குள்ளிருந்து எழுதியது கவிதையும் கடிதமும்தான்.

அடுத்த முறை ஃபலஸ்தீன் மலருக்கென்று இளைஞர்கள் கடைக்கு வந்தால், முதலாளிமார்களே, 'என் போட்டோ எந்தப் பக்கம்?' என்று கேட்காதீர்கள். யார் வரைகிறார், யார் எழுதுகிறார் என்று கேளுங்கள். ஒரு முழுப் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். கடையின் பெயர் கீழே சிறிய எழுத்தில் இருந்தால் போதும்.