விளையாட்டுப் பொறியும் வெறும் பையும்

“விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியா! அதற்கு நாற்பதாயிரம் ரூபாயா!” என்று வியப்போர் நம் மன்றத்திலேயே உண்டு. அவர்களை நான் குறை கூறேன். நாற்பதாயிரம் என்பது நம்மில் பலர் வீட்டில் தங்கையின் ஓராண்டுப் படிப்பு. சிலர் வீட்டில் கூரையின் மேல் போட வேண்டிய ஓடு. ஆயினும் வாங்குவதா வேண்டாவா என்று வழக்காட இக்கட்டுரை எழவில்லை. வாங்குவது என்று துணிந்துவிட்ட நண்பர், அப்பணத்தை எதில் போடுவது, எதில் போடாதிருப்பது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். நம்மவர் தவறாக வாங்கி இழப்பது மிகுதி. இதை நான் கண்ணால் கண்டதோடு நில்லாமல் கைப்பொருளைக் கொடுத்தும் கற்றவன்.

நான் பௌதிகம் பயிலும் மாணவன். என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தவர். அங்கே மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் இயந்திரம் பார்க்கிறார். நாம் கிளிமூக்கு என்கிற மாம்பழத்தைத் தோத்தாபுரி என்பர் அங்கே. அது வந்து குவியும் இரண்டு மூன்று திங்கள்தாம் அவருக்கு அறுவடை; இரவுப் பணியும் மிகைநேர ஊதியமும் அப்போதுதான். 2024-ஆம் ஆண்டு ஆடியில், அந்தப் பருவத்தில் மிஞ்சிய இருபத்தையாயிரத்தை என் கையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லி நான் சேர்த்தது இருபதாயிரம். இந்த நாற்பத்தையாயிரத்துக்குள் ஒரு பொறி வேண்டும். அதில் ஆடவும் வேண்டும், என் ஆய்வேட்டுக்குக் கணக்கும் போட வேண்டும். இதுவே என் முன் நின்ற வினா.

முதலில் பொறி செய்யும் வேலை யாது என்று தெளிவோம். நாம் பார்க்கும் திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 எனப் புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. ஆட்டம் தடங்கலின்றி ஓட வேண்டுமாயின் நொடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். அஃதாவது ஒரு நொடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. இவ்வளவையும் செய்வது கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் என்பது ஆட்டத்தின் விதிகளை நடத்தும் தலைவன். வரைவது அவன் வேலையன்று. இதை அறியாத நம் நண்பர்கள் ‘ஐ-7’ என்ற பெயரில் மயங்கிப் பிராசசருக்குப் பாதிப் பணத்தைக் கொட்டி, மிஞ்சிய சில்லறைக்கு ஒரு கார்டைத் தேடுகின்றனர். தலைவன் வலியன், கூலியாள் இல்லை! நான் எடுத்தது ஐ-3 12100எஃப். நான்கே உட்கருக்கள் கொண்டது, 2022-இல் வந்தது. என் ஆட்டங்களுக்கு அது போதும். பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைய கார்டுக்கே ஒதுக்கினேன். அந்தப் பெயரின் இறுதியில் நிற்கும் ‘எஃப்’ என்னும் எழுத்தை மறவாதீர்கள். அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. கார்டு செருகாவிடின் திரை இருண்டே கிடக்கும்.

இனி எந்தக் கார்டு? இங்கேதான் நான் மூன்று இரவு உறக்கம் இழந்தேன். அப்போது என் விலைக்குள் நின்றவை இரண்டு. ஒன்று ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6600, மற்றது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050. ஆட்டம் ஒன்றே நோக்கமாயின் முன்னதே மேல். வேகத்தில் பின்னதை எளிதில் முந்திவிடும். ஆனால் என்விடியா 2007-இல் வெளியிட்ட ‘கூடா’ என்னும் மென்பொருள் அமைப்பை நம்பி எழுதப்பட்ட ஆய்வு நிரல்கள் எண்ணற்றவை. (பெயர் தமிழில் ‘கூடா’ என்று ஒலித்தாலும் நமக்குக் கூடியது அது ஒன்றே!) அது என்விடியா கார்டில் ஓடவென்றே செய்யப்பட்டது. விளையாட்டுக் கார்டு விஞ்ஞானத்துக்கு உதவுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 2012-இல் டொராண்டோவில் கிரிசெவ்ஸ்கி, சட்ஸ்கேவர், ஹிண்டன் என்னும் மூவர், படங்களை இனங்காணும் ஒரு செயற்கை நரம்பு வலையைப் பயிற்றி உலகை வியக்க வைத்தனர். அதற்கு அவர்கள் கையாண்டவை பெரும் அரசாங்கப் பொறிகள் அல்ல. இளைஞர்கள் ஆட்டத்துக்கு வாங்கும் ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள் இரண்டே. ஐந்தாறு நாட்கள் அவை ஓயாமல் உழைத்தன. அம்மூவருள் ஹிண்டன் 2024-இல் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஆதலின் நான் 3050-ஐ எடுத்தேன். ஆட்டத்தில் சில படங்கள் குறைவதை அறிந்தே எடுத்தேன். கலை, வணிகம் பயிலும் நண்பர்கள் என் வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்களுக்கு 6600 போன்றதே தக்கது.

பெயரைக் கண்டு மயங்காதீர் என்றேன். அந்த மயக்கத்தின் ஆழத்தைக் கேளுங்கள். 3050 என்ற ஒரே பெயரில் இரு கார்டுகள் கடையில் இருந்தன. 2022-இல் வந்தது 8 ஜி.பி. நினைவகமும் 2560 கணக்குக் கருக்களும் உடையது. 2024-இல் வந்தது 6 ஜி.பி.; கருக்கள் 2304; நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் குறுகியது. இன்னும் கொடியது ஜி.டி. 1030. 2017-இல் வந்தபோது அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜி.பி. கடத்தியது, மறு ஆண்டு அதே பெயரில், வேறு வகை நினைவகத்தோடு வந்தது 17 ஜி.பி.யைக்கூட எட்டவில்லை. பெட்டியின் முகத்தில் பெயர் ஒன்றே. வேற்றுமை பக்கவாட்டில் எறும்பெழுத்தில். இதை வாணிகம் என்பதா, வஞ்சம் என்பதா?

இனி நான் ஏமாந்த கதை. திருப்பதியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர் அளவுதானே என்று காலை வண்டி ஏறினேன். ரிட்சி தெருவில் கால் வைத்ததும் காதில் விழுந்த தமிழ் எனக்குத் தாய்மடியாகத் தோன்றியது உண்மை. தெலுங்கு கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு அது எவ்வளவு இனிமை என்பதை இங்கு வந்து பயிலும் நீங்கள் அறிவீர்கள். மாலையில் அந்நகரில் ஒரு கடையில், “தம்பி நம்ம பக்கமா? உனக்குப் போய் அதிகம் சொல்வேனா?” என்றார் கடைக்காரர். அந்த ஒரு சொல்லில் உருகி, அவர் தந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. கையில் எடுத்தபோது காலிப் பெட்டிபோல் கனமின்றி இருந்தது. கனமற்றது மலிவானது என்று மகிழ்ந்தேனேயன்றி, உள்ளே செம்பும் இல்லை, காப்பும் இல்லை என்று நினைக்கத் தோன்றவில்லை. மூன்று வாரம் சென்றது. ஒருநாள் இரவு ஆட்டத்தின் நடுவே ‘பட்’ என்றொரு ஓசை. பிறகு கருகல் நாற்றம். எஸ்.எம்.பி.எஸ். போனதோடு மதர்போர்டையும் உடன் அழைத்துச் சென்றது. கடைக்காரர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

தந்தையாரிடம் சொல்ல அஞ்சினேன். சொன்னபோது அவர் சினக்கவில்லை. “கூழ் ஆலையில எதுல மிச்சம் புடிச்சாலும் மோட்டாருல புடிக்க மாட்டோம்டா. மோட்டார் நின்னா உள்ள இருக்கிற பழம் மொத்தமும் போச்சு” என்றார். பொறியியல் நூல் எதிலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

மறுமுறை திருப்பதியிலேயே ஒரு சிறு கடைக்குச் சென்றேன். நம்மினும் இளைய தெலுங்குப் பையன் ஒருவன் இருந்தான். நான் கேட்டது 750 வாட் பெட்டி. பட்டபாடு அப்படி! அவனோ என் உறுப்புகளின் பட்டியலை வாங்கி எழுதிக் கூட்டினான். கார்டுக்கு 130 வாட், பிராசசருக்கு ஏறக்குறைய 90, மற்றவற்றுக்கு 50. “அண்ணா, உங்களுக்கு 450 போதும், மிச்சத்துக்கு நல்ல கம்பெனி வாங்குங்க” என்று தெலுங்கில் சொல்லி, ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை பெற்ற ஒன்றைத் தந்தான். தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு உண்மை சொன்னவன் அவன். மொழியால் ஒன்றுபட்டு மன்றம் வைத்திருக்கும் நமக்கு இது சற்றே உறுத்தும் செய்தி. ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை. கடையில் தேட வேண்டியது தாய்மொழி அன்று. பட்டியலைக் கூட்டிப் பார்க்கும் மனிதன்.

கார்டு வாங்கவே பணம் இல்லாதோர்க்கும் வழி உண்டு. என் அறைத் தோழர் ரைசன் 5 5600ஜி என்னும் பிராசசரை வாங்கினார். படம் வரையும் பகுதி அதனுள்ளேயே அடக்கம். ஆனால் வேகம் வரவில்லை என்று வருந்தினார். திறந்து பார்த்தேன், 16 ஜி.பி. ராம் ஒரே துண்டாகச் செருகப்பட்டிருந்தது. இத்தகைய பிராசசருக்குத் தனி நினைவகம் இல்லை. ராமில்தான் படமும் வரைய வேண்டும். ஒரு துண்டு எனில் ஒரு பாதை, நொடிக்கு 25.6 ஜி.பி.; எட்டெட்டாக இரு துண்டு எனில் இரு பாதை, 51.2 ஜி.பி. துண்டுகளை மாற்றி அமைத்ததும் அதே பொறி வேறு பொறியாயிற்று. தோழர் அன்று இரவு எனக்குப் புரோட்டா வாங்கித் தந்தார்.

பழைய பொருளை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பர் 15-இல் எதிரியம் நாணயம் தன் கணக்கு முறையை மாற்றியபோது, அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. உழைத்த கார்டு எல்லாம் கெட்டதன்று. விசிறி சுழல்கிறதா, ஆட்டத்தில் அரைமணி நேரம் தாங்குகிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுங்கள். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பழைய ‘ஐ-7’ பெட்டிகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் நிறுவனம் முறையாக ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆட்டமோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதி இல்லாத பொறியில் திறக்கவே மறுக்கும். நான்காம் தலைமுறை ஐ-7 வாங்கிய இளைய மாணவர் ஒருவர் இன்று அதில் பாட்டுக் கேட்கிறார்.

வண்ண விளக்குகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கண்ணாடி மூடிய கேபினெட்டில் வானவில் சுழல்வது அழகுதான். ஆனால் காற்று எங்கே நுழையும்? மலைமேல் குளிர், அடிவாரத்தில் இருக்கும் நமக்கு மே திங்களில் 40 பாகைக்கு மேல் அனல். 5600ஜி 95 பாகையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்புறம் வலைக்கண் உள்ள எளிய கேபினெட்டும், இரு விசிறியும் போதும். விளக்குக்குப் போகும் பணத்தை ஒரு யு.பி.எஸ். வாங்க வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கரக்கம்பாடியில் அமர ராஜா ஆலை ஊருக்கெல்லாம் பேட்டரி செய்கிறது. நம் அறையில் மட்டும் மின்சாரம் நின்றவுடன் எழுதிய ஆய்வேடு மறைந்து போவானேன்? 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கிய விலைக்கு இன்று வாங்க இயலாது. செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டதால் 2025 இறுதியில் ராமின் விலை தாவி ஏறியது. மைக்ரான் நிறுவனம், குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றோர்க்கு விற்று வந்த பிரிவையே மூடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. பெரியவர் வீட்டு விருந்துக்குச் சந்தைக் காய்கறி எல்லாம் போனால் தெருவில் உள்ளோர் பாடு என்ன ஆகும், அந்த நிலை! எனவே இப்போது வாங்குவோர் டி.டி.ஆர். 4 ராமைப் பழையதாகவே தேடுங்கள். அசையும் உறுப்பு அதில் இல்லை, தேய்வது அரிது. மேலும், முடிந்தால் தனியாகச் செல்லாதீர்கள். வரும் ஞாயிறு முதலாண்டு மாணவர் இருவர் சென்னைக்குப் புறப்படுகின்றனர். நானும் உடன் செல்கிறேன். வண்டியில் இடம் இருக்கிறது. பட்டியலோடு வருவோர் வருக.

என் பொறி உருவாகி வந்த பின், விடுமுறையில் அதைச் சித்தூருக்கு எடுத்துச் சென்றேன். தாயார் பார்க்க விரும்பினார். துப்பாக்கி ஆட்டம் ஏதும் காட்டாமல், ‘வெண்பா’வைத் திறந்தேன். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு புதியவர்க்குத் தரும் பரிசு பெற்றது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. தாய் தந்த பழைய சமையல் ஏட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் இருமுறை தவறினேன். தாயார் பின்னால் நின்று, “ஓட்டை மேல குழி வரணும்டா, இல்லன்னா ஆவி எப்படிப் போகும்?” என்றார். அடுக்கினேன், இட்லி வெந்தது. சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவாசியை விட்டு வந்த நாளை நினைத்தாரோ என்னவோ.

பிறகு, “இதுக்கா அப்பா பணம் எல்லாம்?” என்றார். “ஆமாம்மா” என்றேன். இந்த ஆட்டத்துக்குக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை என்பதை நான் சொல்லவில்லை.