வலது பக்கம் வெள்ளை

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா, 1990 வாக்கில் ஊருக்கு வந்தபோது ஒரு டெக்கும் சில வீடியோ கேசட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஒரு எபிசோடு இருந்தது. முகத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இரண்டு வேற்றுக்கிரகவாசிகள். ஒருவனை மற்றவன் துரத்துகிறான். கடைசியில் அவர்களுடைய கிரகத்துக்கே போய்ச் சேர்ந்தால், அங்கே ஒருவரும் உயிரோடு இல்லை. அப்போதும் துரத்தல் நிற்கவில்லை. அதைத் தேய்ந்துபோகும்வரை பார்த்தேன். ஆங்கிலம் புரியாது. மாமாதான் விளக்கினார்: "ரெண்டு பேருமே முட்டாளுங்க மாப்ள. வெறுப்பு வந்தா இப்படித்தான் அழிஞ்சுபோவாங்க."

அதை அப்படியே நம்பினேன். கல்லூரி விடுதியில் சாப்பாட்டு வரிசையில் ஒருவன் என் சாதியைச் சொல்லி, தட்டைத் தள்ளி வைக்கச் சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். காப்பாளர் இருவரையும் அழைத்தார். "ரெண்டு பேரும் கை குடுத்துக்குங்க, இதோட முடிச்சுக்குவோம்" என்றார். கொடுத்தேன். அந்தப் பாதிப் பாதி முகங்கள் நினைவுக்கு வந்தன. கோபப்பட்டதற்காக நானே வெட்கப்பட்டேன்.

போன மாதம் அந்த எபிசோடை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை வசனம் புரிந்தது.

1969 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான 'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்டு' அது. துரத்துகிறவன் பீல், ஆளும் இனத்தின் அதிகாரி. அரசியல் துரோகிகளைப் பிடிப்பது அவன் வேலை. ஓடுகிறவன் லோகாய், அடிமைப்படுத்தப்பட்ட மக்களில் ஒருவன், கலகக்காரன். கேப்டன் கிர்க் முன்னால் இருவரும் வாதிடுகிறார்கள். வீடு புகுந்து, குடும்பங்களைப் பிரித்து, மாடுகளைப் போல எங்களை விற்றீர்கள் என்கிறான் லோகாய். காட்டுமிராண்டிகளாக இருந்த உங்களுக்குக் கல்வி கொடுத்தோமே என்கிறான் பீல். எஜமானுக்குச் சேவை செய்யும் அளவுக்குத்தானே கொடுத்தீர்கள் என்கிறான் லோகாய். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உங்களை விடுவித்துவிட்டோமே என்று பதில் வருகிறது. இட ஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தாலே நாம் கேட்கும் பதில்தானே இது?

அவர்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் தெரியவில்லை. பீல் அதிர்ந்துபோகிறான். தனக்கு வலது பக்கம் கறுப்பு, லோகாயின் மக்கள் எல்லோருக்கும் வலது பக்கம் வெள்ளை; இதுகூடத் தெரியவில்லையா என்கிறான். சிறுவனாக இருந்தபோது சிரித்தேன். வெளியாள் கண்ணுக்குப் படாத ஒன்று உள்ளே இருப்பவனின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கிறது. சாதியை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இன்னொரு காட்சியில் கப்பலின் இளைஞர்களிடம் லோகாய் தன் மக்களின் துயரத்தைச் சொல்கிறான். செகாவ், இப்படியெல்லாம் பூமியிலும் நடந்ததாக வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன் என்கிறான். அது இருபதாம் நூற்றாண்டோடு போய்விட்டது என்கிறான் சுலு. நல்ல பிள்ளைகள்தான். "இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறா?" என்று நம்மிடம் கேட்பவர்களில் பலரும் நல்ல பிள்ளைகள்தான்.

லோகாய் புனிதன் இல்லை. பீலைக் கொல்லும்படி அந்த இளைஞர்களையே தூண்டுகிறான். ஆனால் இவ்வளவையும் வசனத்தில் சொல்லிவிட்டு, முடிவில் கதை இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. அடிமையாக்கியவனும் அடிமையானவனும் ஒரே வெறுப்பின் இரண்டு பாதிகளாகிவிடுகிறார்கள். கிரகமே செத்துவிட்டது, இனி யார் பக்கம் நியாயம் என்பது முக்கியமா என்று கேட்கிறான் சுலு. அவர்கள் இருவருக்கும் அது முக்கியமில்லை, வெறுப்பு மட்டும்தான் முக்கியம் என்று பதில் சொல்கிறான் ஸ்பாக்.

முக்கியம்தான். இந்த எபிசோடு ஒளிபரப்பாவதற்குப் பதினாறு நாள் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. அந்தத் தீயைப் பார்த்து இரு தரப்பும் வெறுப்பைக் கைவிட வேண்டும் என்று எவராவது சொன்னால், அவர் எரித்தவன் பக்கம் நின்றுதான் பேசுகிறார். இன்றும் சேரி தாக்கப்பட்டால் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்றுதானே செய்தி வருகிறது? சமாதானக் கூட்டத்தில் அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒரே தாளில்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்?

இன்றும் அந்த எபிசோடு எனக்குப் பிடிக்கும். 1969இல் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குள் லோகாயைப் பேசவைத்ததே பெரிது. பாருங்கள், அவன் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். விடுதியில் இன்று யாராவது உங்களையும் கை கொடுக்கச் சொன்னால், முதலில் ஒன்று கேளுங்கள்: தட்டைத் தள்ளச் சொன்னது யார்? அதற்குப் பதில் வந்த பிறகு கை கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். நான் அன்று கேட்கவில்லை.