எரிந்த நூலகத்துக்கு அழுகிறோம், மூடும் நூலகத்துக்கு?

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேசைதான். அதில்தான் அம்மா மரக்கறி வெட்டுவா, அப்பா இரவு வேலை முடிந்து வந்து சாப்பிடுவார், தம்பி கிறுக்குவான். நான் படித்ததெல்லாம் தெருமுனை நூலகத்தில். பூட்டும் வரைக்கும் இருக்கலாம், "ஏதாவது வாங்குகிறாயா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். லண்டனில் காசு கேட்காத சூடான அறை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

இப்போது அந்த நூலகம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். போன மாதம் தம்பியோடு போனபோது கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுத் திரும்பினோம். அப்பாவின் வயதுள்ள ஒருவர் கையில் கடிதக் கட்டோடு நின்றார். யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பத்தை இணையத்தில் போடவேண்டும், வீட்டில் கணினி இல்லை. "நாளைக்குத் திறப்பினமோ பிள்ளை?" என்று கேட்டார். நாளைக்கும் பூட்டுத்தான்.

கவுன்சிலைத் திட்டுவது சுலபம். நானும் திட்டினேன். ஆனால் குரொய்டன் 2020 நவம்பரிலும், பேர்மிங்ஹாம் 2023 செப்டம்பரிலும் வரவுக்குள் செலவு செய்யமுடியாது என்று சட்டப்படியே கைவிரித்தன. 2024இல் குரொய்டனில் நான்கு நூலகங்கள் மூடப்பட்டன. முதியோர் பராமரிப்பின் செலவு ஏறிக்கொண்டே போகிறது, அதில் கைவைக்க முடியாது. நூலகமும் சட்டக் கடமைதான். இங்கிலாந்தின் கவுன்சில்கள் முழுமையான, திறமையான நூலகச் சேவை தரவேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனை நூலகம், எத்தனை மணித்தியாலம் என்று மட்டும் அதில் ஒரு எண்ணும் இல்லை. அதனால் கத்தி முதலில் அங்கேதான் விழுகிறது.

அதே சட்டம் மேற்பார்வைப் பொறுப்பை மத்திய அமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் பணமும் அங்கிருந்து வரட்டும். கவுன்சில் வேறு ஓட்டையை அடைக்கமுடியாதபடி, நூலகத்துக்கென்றே ஒதுக்கிய பணம்.

"ஆஸ்பத்திரிக்கே காசில்லை, உனக்குப் புத்தகமா?" என்பார் என் மாமா. 2022 குளிர்காலத்தில் ஹீட்டர் போடப் பயந்த சனம் எங்கே போய் இருந்தது, மாமா? பல ஊர்களில் நூலகத்தில்தான். நெருக்கடி வந்தால் கூட்டம் கூடும் இடத்தை, நெருக்கடியைக் காரணம் காட்டியே மூடுகிறோம்.

இனி நமக்குள் ஒரு கதை. ஒவ்வொரு ஜூன் மாதமும் யாழ்ப்பாண நூலகத்தின் படத்தைப் பகிர்கிறோம். 1981இல் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா தொடங்கித் தம்பி வரைக்கும் அந்த எண் தெரியும். எரிப்பதும் மூடுவதும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அது வன்முறை, இது கணக்குப் புத்தகம். ஆனால் எங்கள் நூலகத்தின் நேரத்தைக் குறைக்கமுன் மக்களின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. நான் நிரப்பவில்லை. ஏ-லெவல் சோதனை என்று ஒரு சாட்டு. என் தமிழ் நண்பர்களில் யாரும் நிரப்பவில்லை. ஜூனில் படம் போட்டவர்களும் நாங்களேதான்.

இந்த வாரம் எங்கள் எம்.பி.க்கு எழுதினேன். வாக்களிக்கும் வயது வராதவர்களும் எழுதலாம், அது பலருக்குத் தெரியாது. கடிதக் கட்டோடு நின்றவரைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். தம்பியும் கீழே ஒரு வரி சேர்த்தான்: "செவ்வாய்க்கிழமைகளில் நான் எங்கே படிப்பது?"

திருத்தாமல் அப்படியே அனுப்பினேன்.