கோப்பையும் கூலியும்

அன்பளிப்பு என்பது இனிய சொல். அன்போடு கொடுப்பதை எடை போட்டுப் பார்ப்பது அழகன்று என்று நம் முன்னோர் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆயின், கொடுக்க வேண்டிய கடனைக் கொடாத ஒருவன், கடன் தந்தவனின் கையிலே ஓர் இனிப்பை வைத்து, "இது என் அன்பளிப்பு" என்று புன்னகை செய்வானாயின், அச்சொல்லின் இனிமை எங்கே போய் நிற்கும்? ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி தாதியருக்கு மருத்துவமனை நிருவாகங்கள் வழங்குகின்ற பரிசுகளைப் பார்க்கும்போது இந்த வினாவே நம் நெஞ்சில் எழுகின்றது.

அந்தப் பரிசுகள் எவை? பெயர் பொறித்த தேநீர்க் கோப்பை ஒன்று, முகந்துடைக்கும் துவாய் ஒன்று, ஒரு சிற்றுண்டிப் பொதி, ஒரு ரோசாப் பூ, சட்டமிட்ட சான்றிதழ். இவற்றுள் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். இவற்றோடு தாராளமாகக் கிடைப்பவை சொற்கள். "வெண்ணுடைத் தேவதைகள்", "தியாகச் சுடர்கள்", "விளக்கேந்திய பெருமாட்டியின் வழித்தோன்றல்கள்" என்று மேடையிலே மலர்மாரி பொழிகின்றது. நிழற்படமும் எடுக்கப்படுகின்றது. அன்றிரவு 7 மணிக்கு இரவுப் பணி ஏற்கின்ற தாதி, மறுநாள் காலை 7 மணிவரை, 12 மணி நேரம் விடுதியிலே நிற்கிறாள். கட்டில்கள் நிரம்பி, தரையிலும் பாய் விரிக்கப்பட்டிருக்கும் நாளாயின் அவளுக்குத் துணையாக இன்னொரு தாதியை அந்தக் கோப்பை கொண்டுவந்து தருமா? தேநீர் ஊற்றிக் குடிக்கவேனும் அவளுக்கு நேரம் தருமா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்கின்ற நமக்கு இத்தகைய கொடை புதியதன்று. முன்னாளிலே படுவான்கரை வயல்வெளிகளில் போடியார்மார் கோலோச்சினர். சித்திரை வருடப் பிறப்பன்று முல்லைக்காரனும் வயற்கூலிகளும் போடியார் வீட்டு முற்றத்திலே பணிந்து நின்று கைவிசேடம் பெற்றுச் செல்வர். வெற்றிலையில் வைத்துக் கொடுத்த நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். பின்னர் களத்துமேட்டிலே நெல் அளக்கப்படும்போது, "அளவு குறைகிறதே, போடியார்" என்று ஒருவன் வாய் திறப்பானாயின், "என் கையால் வாங்கிய நீயா பேசுகிறாய்?" என்ற ஒரு கேள்வி அவன் வாயை அடைத்துவிடும். கைவிசேடத்தின் வேலை அதுதான். கூலி கேட்பவனை நன்றி சொல்பவனாக மாற்றுவது! போடியாரின் முற்றம் இன்று மருத்துவமனையின் கூட்ட மண்டபமாகியிருக்கிறது, வெற்றிலை கோப்பையாகியிருக்கிறது. அளவு மட்டும் குறைந்தபடியே இருக்கிறது.

"பரிசின் விலையைப் பார்க்கலாமா? கொடுப்பவரின் மனத்தையல்லவா பார்க்க வேண்டும்?" என்று கேட்பாரும் உளர். நன்று, மனத்தையே பார்ப்போம். வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ வந்து, நோய் தீர்ந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவர், அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரும்போது ஒரு சட்டி எருமைத் தயிரைச் சுமந்துவந்து, "மகள், இது உனக்கு" என்று நீட்டுகிறார். அது பரிசு. அந்த முதியவர் தாதிக்குச் சம்பளம் தருபவரல்லர். அவருடைய பணிநேரத்தை வகுப்பவரல்லர். அவருக்கு மறுக்க வேண்டிய விடுமுறை எதுவும் அவர் கையில் இல்லை. தம்மிடம் இருந்ததைத் தந்தார். அவர் மனத்தை நாம் கண்டோம். சம்பளமும் பணிநேரமும் விடுமுறையும் பதவி உயர்வும் தன் கையில் வைத்திருக்கின்ற வேலைகொள்வோன், அவற்றிலே கை வைக்காமல் ஒரு கோப்பையை நீட்டும்போது அவன் மனத்தையும் நாம் காணத்தான் செய்கிறோம்!

இந்த விழா யாருடைய பிறந்த நாளிலே கொண்டாடப்படுகிறதோ, அந்தப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றையாவது மேடைப் பேச்சாளர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்களா? 1854ஆம் ஆண்டு நவம்பரிலே 38 பெண்களோடு ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு அவர் சென்றார். விளக்கேந்தி நடந்ததை நமக்குச் சொல்கிறார்கள். அங்கே படைவீரர் புண்ணினால் மாண்டதைவிட நோயினால் மாண்டதே மிகுதி என்பதையும், 1855 மார்ச்சில் சுகாதார ஆணைக்குழு வந்து மருத்துவமனையின் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிய பின்னரே சாவு பெரிதும் குறைந்தது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

விக்டோரியா அரசி அம்மையாருக்கு அனுப்பியது ஓர் அணிகலன். அரசியின் கணவர் அல்பேட் அதனை வடிவமைத்தார். அம்மையார் அரசியைப் பின்னர் நேரிலே சந்தித்தபோது கேட்டதோ இன்னொரு நகையன்று; படையினரின் உடல்நலம் பற்றி ஆராய ஓர் அரச ஆணைக்குழு. அது 1857இல் அமைந்தது. இலண்டன் மக்கள் 1855 நவம்பரிலே கூட்டம் கூடி அவர் பெயரால் நிதி திரட்டினர்; ஏறக்குறைய 45,000 பவுண் சேர்ந்தது. அதனைக் கொண்டு 1860இல் புனித தோமஸ் மருத்துவமனையிலே தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பாராட்டை நிறுவனமாக மாற்றத் தெரிந்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லித் துவாய் கொடுப்பது அவரைப் போற்றுவதாகுமா?

இன்னொன்றும் உண்டு. அம்மையார் செல்வக் குடியிற் பிறந்தவர். தந்தையார் ஆண்டுதோறும் 500 பவுண் அளித்தமையால், 1853இல் இலண்டனிலே ஊதியமின்றி ஒரு மருத்துவமனையை அவரால் நடத்த முடிந்தது. களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ பணிபுரியும் நம் தாதிக்கு அத்தகைய தந்தை இல்லை. வாடகையும் வங்கிக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் அவள் கைச் சம்பளத்தில்தான் இருக்கின்றன. "சேவை" என்று அவளை வாழ்த்துபவர்கள், சேவைக்கும் சோறு வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

கைதட்டலின் முடிவு என்ன என்பதை உலகம் அண்மையிலேதான் கண்டது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது பிரித்தானிய மக்கள் வியாழன் இரவுகளில் வாசலிலே நின்று கைதட்டினர். 2021 மார்ச்சிலே அந்நாட்டு அரசு முன்மொழிந்த சம்பள உயர்வு நூற்றுக்கு 1. அதே ஆண்டு யூலையிலே தேசிய சுகாதார சேவைக்கு ஜோர்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசெம்பர் 15ஆம் திகதி அந்நாட்டுத் தாதியர் அரச கல்லூரி, தன் 106 ஆண்டு வரலாற்றிலே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. விருதைக் கொண்டு வீட்டு வாடகை செலுத்த முடியாதல்லவா?

வாவிக்கும் கடலுக்கும் அப்பால், தமிழ்நாட்டிலும் இதே கதை. அங்கே 2015இல் தேர்வெழுதி ஒப்பந்த அடிப்படையில் அரச பணிக்கு வந்த செவிலியர், மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரிலே சென்னையில் அமர்ந்து போராடினர். 2020 மே 3ஆம் திகதி இந்திய வான்படை உலங்குவானூர்திகள் பல நகரங்களின் மருத்துவமனைகள்மேல் மலர் தூவின. தொற்றுக் காலத்திலே தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசெம்பர் 31உடன் உங்கள் ஒப்பந்தம் முடிந்தது என்று வெளியே அனுப்பப்பட்டனர். வானிலிருந்து மலர், தரையிலே கதவடைப்பு!

நம் நாட்டிலே நடந்தது இதற்கு இளைத்ததன்று. 2022 பெப்ரவரியிலே தாதியர் சங்கங்களும் ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறும் பதவி உயர்வை ஒழுங்காக்குமாறும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தன. கிடைத்த விடை நீதிமன்றத் தடையும், அத்தியாவசிய சேவை என்ற அறிவித்தலும். என்னே சொல்லின் விந்தை! வேலைநிறுத்தம் செய்தால் அவர்கள் பணி அத்தியாவசியம். சம்பளம் கேட்டால் அதே பணி தியாகம். மே 12இல் அது தெய்விகம்.

"நாட்டிலே பணமில்லை, என்ன செய்வது?" என்பது கடைசி அம்பு. 2024 சனவரியிலே மருத்துவரின் விசேட கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்த அமைச்சரவை முடிவு செய்தது. மருத்துவரின் உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவர்களும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்களே. அதே நீதியைத் தமக்கும் கேட்டு மருத்துவரல்லாத சுகாதார ஊழியரின் 72 சங்கங்கள் பெப்ரவரியிலே போராடியபோது மருத்துவமனைகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தின் பின்னரோ, மேலதிக நேரக் கொடுப்பனவும் விடுமுறைநாட் கொடுப்பனவும் குறைகின்றன என்று தாதியர் மீண்டும் வீதிக்கு வர நேர்ந்தது. ஆட்சி மாறிற்று, கணக்கு மாறவில்லை. ஆக, பணம் இல்லை என்பதைக் காட்டிலும், யாருக்கு இல்லை என்பதே கேள்வி. 2022இல் அரச ஊழியருக்குச் சம்பளமற்ற 5 ஆண்டு விடுமுறை தந்து, வெளிநாடு சென்று உழைக்குமாறு அரசே வழிகாட்டியது. அப்படிச் சென்ற தாதியின் கட்டிலருகே இன்று யார் நிற்கிறார்? எஞ்சியிருப்பவள், இரட்டைச் சுமையோடு.

ஆசிரியர்களாகிய நாம் இதனைப் பிறர் கதையென்று படிக்க முடியாது. அக்டோபர் 6ஆம் திகதி நமக்கும் வெற்றிலையும் பாட்டும் கிடைக்கின்றன. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கிலே போராடி நாம் பெற்றது கேட்டதில் மூன்றிலொரு பங்கு. மீதியைக் கேட்டு 2024இல் கொழும்பு சென்றவர்கள்மேல் நீர் பீய்ச்சப்பட்டது. மாணவன் தருகின்ற வெற்றிலை நமக்குப் பெருமை. அது முதியவரின் தயிர்ச்சட்டியைப் போன்றது. அதைக் காட்டி அரசு தன் கடனைக் கழித்துக்கொள்ள நாம் இணங்குவோமா? நாம் இணங்காததைத் தாதியர்மேல் சுமத்துவது எந்த நீதி?

ஆதலின் நண்பர்களே, அடுத்த மே 12இல் நம் பள்ளிகளிலே தாதியரை வாழ்த்த எழுகின்ற மாணவன் தேவதைகளைப் பற்றிப் பேசாதிருக்கட்டும். சர்வதேசத் தொழிலமைப்பு தாதியருக்கென்றே 1977இல் 149ஆம் இலக்கச் சாசனத்தை வகுத்தது. வேலைநேரம், வார ஓய்வு, விடுமுறை, தம் பணி பற்றிய முடிவுகளிலே தாதியரின் பங்கு ஆகியவற்றை அது பேசுகிறது. கோப்பையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதனை மாணவன் படிக்கட்டும். ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர், இரவு 7 மணிக்குப் பணி முடிந்து படுவான்கரைக்குத் திரும்புகின்றவளுக்கு எந்தப் பேருந்து, அவள் சாய்ந்திருக்க எந்த அறை, அவள் உழைத்த மேலதிக மணிக்கு என்ன கூலி என்று கேட்கட்டும். பெற்றோர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் அதே கேள்விகளை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும்.

கோப்பையைத் தாதியர் வைத்துக்கொள்ளலாம், அதிலே குற்றமில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட கூலிக்கு அது பற்றுச்சீட்டு ஆகாது என்பதை மட்டும், கொடுப்பவர் காதில் விழும்படி உரக்கச் சொல்வோம்.