எழுதி வைக்காத நோயும் எழுதி வைக்காத கணக்கும்

"அவனுக்குப் புத்தி சரியில்லை ஹஸ்ரத். தெரியாமல் செய்து விட்டான். நீங்கள்தான் எப்படியாவது வெளியே கொண்டு வர வேண்டும்."

ஒருவர் கைதானதும் அவரது வீட்டார் நம்மிடம் வந்து சொல்லும் வார்த்தை இது. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டால் ஆறு வருடம், ஏழு வருடம் என்கிறார்கள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் தலை குனிகிறார்கள். வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது என்று மறைத்தார்களாம். தாயத்துக் கட்டினார்களாம்.

சகோதரர்களே! ஆறு வருடம் ஊரிடம் மறைத்ததை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி?

சட்டம் இரக்கமற்றதல்ல. சிறுவர், உறங்குபவர், புத்தி பேதலித்தவர் ஆகியோரின் செயல்கள் பதியப்படுவதில்லை என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவும் புத்தி பேதலித்தவரைத் தண்டிக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22வது பிரிவு.

ஆனால் 'நோய் இருந்தது' என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தார் என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. அரசுத் தரப்பைப் போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத் தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும் என்று 1964ல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு மருத்துவச் சீட்டை விடச் சிறந்த சாட்சி ஏது? விரும்பிக் குடித்த போதைக்கு இந்தப் பிரிவு குடை பிடிக்காது. பொய்ச் சீட்டு தயாரிப்பது உண்மையான நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம்.

இந்த விதி பிறந்த கதை நம் பட்டறைக்காரர்கள் அறிய வேண்டியது. டேனியல் மெக்நாட்டன் என்பவர் கிளாஸ்கோ நகரில் மரக் கடைசல் பட்டறை நடத்தியவர். ஒரு அரசியல் கட்சி தன்னைத் துரத்துகிறது என்று நம்பிய அவர், 1843 ஜனவரியில் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். பிடிபட்டபோது அவரிடம் 750 பவுனுக்கு வங்கி ரசீது இருந்தது! மனநோயாளி என்று விடுதலையானவர் 1865ல் இறக்கும் வரை மனநோய் விடுதியிலேயே இருந்தார். அந்தத் தீர்ப்பின் மீது எழுந்த கூச்சலுக்கு நீதிபதிகள் தந்த விளக்கமே நம் 84வது பிரிவுக்கு அடிப்படை. கடை ஒழுங்காக நடக்கிறது, ஆகவே புத்தியும் தெளிவு என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

சில நேரம் நோய் முதலில் தலைகாட்டுவதே கடைக் கணக்கில்தான். சிப்காட் பக்கம் நாலு லேத் போட்டு ஓட்டுபவர் திடீரென்று இரவெல்லாம் தூங்குவதில்லை. தேவையில்லாத மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார். மீட்டர் வட்டிக்காரனிடம் வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுகிறார். சுறுசுறுப்பு வந்து விட்டது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழுவதில்லை. இது மனநோயின் அடையாளமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

செக் திரும்பினால் 138வது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. அந்த நோட்டீஸைப் பிரித்துப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டுமே! புத்தி தெளிவில்லாத நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு வாங்கினார், அப்போது அவர் நிலை என்ன? பதில் சொல்ல ஒரு நோட்டுக் கூட இல்லை. அங்கே சீட்டு இல்லை, இங்கே கணக்கு இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மறைப்பது!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். கடன் வாங்கியவர் அறிவு குறைந்தவராகவோ பலவீனராகவோ இருந்தால் அவரது பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்லி எழுத வைக்கட்டும் என்றும் அதே வசனம் கட்டளையிடுகிறது. கணக்கையும் பலவீனரையும் இறைவன் ஒரே இடத்தில் பேசியிருக்க, நாம் இரண்டையும் கைவிட்டு விட்டோம்!

2001 ஆகஸ்ட் 6ம் தேதியை மறக்க முடியுமா? ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டனர். 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்து விட்டது. நம் வீட்டுப் பின்கட்டில் போடும் சங்கிலிக்கும் அந்தத் தடை உண்டு.

வழி இல்லாமல் இல்லை. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனை இருப்பதே ஓசூர் ரோட்டில்தான். சரக்கெடுக்க அத்திப்பள்ளியைத் தாண்டும் நாம், உடன்பிறந்தவரை அழைத்துக் கொண்டு ஒருமுறை தாண்டக் கூடாதா? 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. டாக்டர் சீட்டு, மருந்துச் சீட்டு ஒன்றைக் கூடத் தூக்கி எறியாதீர்கள். பட்டறைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்காதீர்கள். வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள். அது வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். வெற்றுச் செக்கில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் ஜமாஅத் நிர்வாகிகளே! மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரையும் மனநல மருத்துவர் ஒருவரையும் அழைத்துப் பேச வையுங்கள். கைதான பிறகு வக்கீலுக்கு வசூல் செய்யும் சமுதாயம், கைதாகும் முன்பே வைத்தியத்துக்கு வழி செய்யட்டும்!